கிண்டக் கூடாத பலகாரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அடுப்படிப் பக்கமே என்னை விடவில்லை. திருச்சியில் படிக்கிறாள், கோடை விடுமுறைக்குப் புதுக்கோட்டை வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து போனில் பார்த்ததையெல்லாம் வீட்டில் செய்து பார்த்து எங்களைச் சோதனை எலியாக்கிக்கொண்டிருக்கிறாள். நானும் நல்லதாகப் போயிற்று என்று ஹாலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. வெண்ணெயில் மாவு சிவக்கிற வாசனை, நடுவில் முந்திரி, அதற்கும் அடியில் மாம்பழம் கொதித்துக் கசிகிற வாசனை. கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னடி பண்ற?" என்று கேட்டேன்.

"கிரம்பிள்மா. ஒனக்குத் தெரியாது" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

எனக்குத் தெரியாதாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். பழத்தைத் துண்டு போட்டுத் தட்டில் பரப்புவார்கள். மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் விரல் நுனியால் உதிரியாகப் பிசறி மேலே தூவுவார்கள். அப்படியே சூட்டில் வைத்தால் கீழே பழம் குழைந்து பாகாகிவிடும், மேலே மாவு மொறுமொறுவென்று ஓடு கட்டிவிடும். கரண்டியை இறக்கினால் நறுக்கென்று உடைய வேண்டும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அடுப்பில் ஏற்றிய பிறகு கிண்டாமல் இருந்தால் போதும். அந்த ஒன்றுதான் எங்கள் வீட்டில் முடியாமல் போனது.

இதை எங்களுக்குக் கொண்டுவந்தவன் என் அண்ணன். அப்போது நாங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டிய வீட்டில் இருந்தோம். அண்ணன் சிங்கப்பூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து, இனிப்புச் செய்கிற இடத்தில் கையாளாக நின்றவன். அங்கே ஆப்பிளில் செய்வார்களாம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது எல்லோரையும் போலப் போர்வை, சோப்பு, தைலம் எல்லாம் கொண்டுவந்தான். அந்தப் பெட்டியைத் திறந்தால் அடிக்கிற வாசனைக்காகவே தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் கிடப்பார்கள். சோப்பைக் கரைய விடாமல் உறைக்குள்ளேயே வைத்து மோந்து மோந்து வைத்திருந்த கோஷ்டியில் நானும் உண்டு. அந்தச் சோப்பைக் கடைசியில் எறும்பு தின்றது.

ஆனால் அந்தத் தடவை அண்ணன் திரும்பிப் போகிற நினைப்போடு வரவில்லை. அதை முதலில் என்னிடம்தான் சொன்னான். கறம்பக்குடியில் ஒரு பேக்கரி போட வேண்டும். அதோடு, உறவுக் கல்யாணம் ஒன்றில் பார்த்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். கறம்பக்குடிப் பெண்தான். பெண்ணுக்கும் இஷ்டம் என்று யார் யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். அவள் அப்பாதான் இடைஞ்சல். அவருக்கு வேண்டியது சிங்கப்பூர் மாப்பிள்ளை, கறம்பக்குடியில் பன் விற்கிற மாப்பிள்ளை இல்லை.

"சாப்புட்டுப் பாத்தா அவரு மனசு மாறிரும் பாரு" என்பான் அண்ணன். "அங்கிட்டு ஐஸ்பெட்டிக்குள்ள கெடந்த ஆப்பிளுக்கே அம்புட்டு ருசின்னா, நம்ம மாம்பழத்துக்கு எப்புடி இருக்கும்!"

ஓவனுக்கு எங்கே போவது? காட்டுக்குள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கல் கூட்டி, அலுமினிய அண்டாவில் மணலைக் கொட்டி, அதற்குள் குழித் தட்டை இறக்கி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டான். முதல் தடவை மாவு கரியாயிற்று. அடுத்த தடவை பழம் கரைந்து தண்ணீராயிற்று. பிறகுதான் கனிந்த பழம் ஆகாது, செங்காய்தான் சரி என்று கண்டுபிடித்தான். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, மாவோடு எங்கள் காட்டு முந்திரியின் உடைசல். கருகியது, கரைந்தது எல்லாவற்றையும் வழித்துத் தின்றது நான். பள்ளிக்கூடம் திறந்தபோது பாவாடை இடுப்பில் ஏறவில்லை.

கடைசியில் ஒருநாள் சரியாக வந்தது. மேல் ஓடு உடைகிற சத்தத்துக்கு அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அன்றைக்கு அவனைப் பார்த்ததுபோல அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

ஆத்தாவுக்குக் காட்டலாம் என்றேன். எங்களைப் பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். "பொண்ணு வீட்டுக்காரவுக நம்ம வீடு பாக்க வார அன்னைக்குச் செய்வம். ஆத்தாவும் எல்லாரோடயும் சேந்து மொதமொதலா சாப்புடட்டும்." பிரியமாகத்தான் சொன்னான். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தது வைகாசியில். அண்ணன் அண்டாவை வீட்டுக் கொல்லை அடுப்புக்கே கொண்டுவந்து, எல்லாவற்றையும் முறையாக அடுக்கி, மூடி மேல் தணலையும் போட்டுவிட்டான். இனி அது சும்மா கிடந்தாலே வெந்துவிடும், யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று குளிக்கப் போனான். நான் கிணற்றடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் வேன் நிற்கிற சத்தமும், வேப்பமரத்தடியில் நாற்காலி இழுக்கிற சத்தமும், ஆண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

ஆத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைத் திறந்து பார்க்காமல் இருக்கிறவளா அவள்? மூடியைக் கரித்துணியால் பிடித்துத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். பழத்துக்கு மேலே மாவு மாவாகக் கிடக்கிறது. பாவம், பிள்ளை பதட்டத்தில் கலக்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு செம்புப் பாலை ஊற்றி, இரண்டு கரண்டி நெய்யும் விட்டு, அடி பிடிக்காமல் நன்றாகக் கிண்டிவிட்டாள். சர்க்கரைப் பொங்கலுக்குக் கிண்டுகிற அதே கை. நான் டம்ளர்களோடு அடுப்புப் பக்கம் வந்தபோது அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லவேள நான் பாத்தேன். கட்டி கட்டியாக் கெடந்துச்சுடி. இப்பப் பாரு, எப்புடித் தெரண்டு வந்துருக்கு!"

டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன். அதற்குள் வாசலிலிருந்து அப்பா, "பலகாரத்தைக் கொண்டாங்க" என்று குரல் கொடுத்துவிட்டார். வேறு இனிப்பும் செய்திருக்கவில்லை. ஆத்தா அதை டம்ளரில் ஊற்றினாள். ஆமாம், ஊற்றித்தான் கொடுத்தோம். அண்ணன் புதுச்சட்டையும் ஈரத்தலையுமாக வாசலுக்கு வந்தபோது, பெண்ணின் அப்பா டம்ளரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"பாயாசம் நல்லாருக்குங்க. கொஞ்சம் கெட்டியாப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். பேக்கரியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவோரம் நின்ற ஆத்தா அவன் முகத்தைப் பார்த்தாள். என்னவோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் போன பிறகு என்னைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள், நானும் அது என்ன பலகாரம், எதற்காகச் செய்தது என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் ஆனியில் நடந்தது. ஆவணியில் அண்ணன் விமானம் ஏறினான். ஓட்டல் வேலை கிடைக்கவில்லை, கப்பல் பட்டறையில் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைதான் கிடைத்தது. அதற்குப் பிறகு அவன் வந்ததும் போனதும் எல்லாம் லீவுக் கணக்கில்தான். அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன், தங்கமானவள். புருஷன் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையைப் பெற்று, தனியாக வளர்த்து ஆளாக்கினாள்.

ஆத்தா மட்டும் அந்தப் பகலை விட்டு நகரவே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். "நான் கரண்டியப் போட்டுக் கிண்டிவிட்டதாலதான் எம்புள்ள கடல் தாண்டிப் போனான். அவன் செஞ்சத அவுக ஒழுங்காச் சாப்புட்டிருந்தா, இங்கிட்டே கடை போட்டு இருந்திருப்பான்." சில பேர் சிரிப்பார்கள். நான்கூட, "போத்தா, ஒனக்கு வேற வேலை இல்ல" என்று சலித்துக்கொண்டதுண்டு. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள். பால் பொங்கினால்கூட, "ஏய், பொங்குது, வந்து எறக்கு, நான் தொடல" என்று கத்துவாள். அடுத்தவர் வைத்த பாத்திரத்தில் அவள் கரண்டி போட்டு நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்தப் புயல் என்று சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் காடே படுத்துக் கிடந்தது. முந்திரி, பலா, அண்ணன் செங்காய் பறித்த மாமரம், எல்லாம் வேரோடு. ஆத்தா விழுந்த மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழவில்லை. "அவன் வந்து கடை போட்டாலும் இனிமே பழத்துக்கு எங்க போவான்" என்றாள். அடுத்த கோடை வரை அவள் இருக்கவில்லை. அண்ணனுக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

இப்போது அண்ணன் ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டான். கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று இங்கே ஆஸ்பத்திரியில் காட்ட, ஞாயிறு சாயங்காலமே என் வீட்டுக்கு வந்திருந்தான். மகள் பெருமையாக ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று நான் தடுக்க நினைத்தேன், அதற்குள் அவன் கரண்டியை இறக்கிவிட்டான். நறுக்கென்றது. இரண்டு வாய் சாப்பிட்டான். மகள் உள்ளே போனதும் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "ஆத்தா மட்டும் அன்னைக்குக் கிண்டாம இருந்திருந்தா, ம்?" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஒனக்குத் தெரியாதா? பேசி முடிச்சப்பறந்தான அவுக கை நனைச்சாக."

நீங்கள் எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் இதை எப்போதோ கேட்டிருப்பீர்கள். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு ஒத்துவராமல் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர் குடிப்பதோடு சரி. பலகாரத்தை வாங்கி வாயில் வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோதே, வேப்பமரத்தடியில், ஆவணியில் மாப்பிள்ளை சிங்கப்பூர் திரும்ப வேண்டும் என்று பெண்ணின் அப்பா கேட்டு, எங்கள் அப்பா சரி என்று சொல்லி, கை கொடுத்து எல்லாம் ஆகிவிட்டது. சட்டை மாட்டிக்கொண்டு அவன் வாசலுக்கு வரும்போதே அப்பா காதோடு சொல்லியிருக்கிறார். அவன் முகம் மாறியது அதனால்தான். டம்ளரில் என்ன இருந்தது என்பதையே அவன் அப்புறம்தான் கவனித்தானாம்.

"ஆத்தா தேவாமிர்தம் குடுத்திருந்தாலும் நான் போயிருப்பேன்" என்றான்.

அந்த முறை எனக்கும் தெரியும், ஆத்தாவுக்கும் தெரியும். எத்தனை சம்பந்தம் பேசிய வீடு எங்களுடையது. ஆனாலும் அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தெரியும். அவர் ஆண்கள் பேச்சை அடுப்படிக்குக் கொண்டுவருகிறவர் இல்லை. இருந்த வரைக்கும் அவள் புலம்புவதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"நீயாச்சும் ஆத்தாகிட்டச் சொல்லிருக்கலாமேண்ணே."

"சொல்லணும்னுதான் இருப்பேன். லீவுல வாரதே கொஞ்ச நாளு. அந்தப் பேச்சை எடுத்தா அழுதுரும். சரி, அடுத்தவாட்டி வரயில சொல்லிக்கலாம்னு..." என்று இழுத்தான். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புரை விழுந்த கண், தண்ணீர் வடிகிறது என்று அவன் சொன்னான். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் காடு இருந்த இடத்தில் இன்றைக்குத் தைலமரம் நிற்கிறது. கொல்லை அடுப்பு இருந்த இடத்தில் வேறு யாரோ கார் நிறுத்துகிறார்கள். அதெல்லாம் போனால் போகிறது, போனது எங்கள் வீட்டுக்கு மட்டுமா. நீ கிண்டினதால இல்ல ஆத்தா என்று ஒரு வரி, சிங்கப்பூரிலிருந்து போனில் சொல்லியிருந்தால்கூடப் போதும், அடுப்படியில் அவள் கட்டியிருந்த கையை அவிழ்த்திருப்பாள். அந்த வரி இப்போது எங்கள் இரண்டு பேரிடமும் இருக்கிறது. கேட்பதற்கு அவள் இல்லை.