செட் இன்னும் தயாராகலை

முதலில் ஃபிரிட்ஜை அணைப்பார். அதன் உறுமல் கம்பி வழியே பாட்டுக்குள் புகுந்துவிடுகிறதாம். அடுத்து மின்விசிறி. அடுத்து கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துவார். ஜன்னல்களையும் அடைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க, கூடத்தின் நடுவில் இருக்கும் ஒற்றை நாற்காலியில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தால், அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் தும்மக் கூடாது.

இசைத்தட்டு சுற்றும். பாடுகிறவர் முதல் அடியை முடித்து இரண்டாவதற்கு மூச்சு வாங்குவதற்குள் டாக்டர் எழுந்துவிடுவார். "இடது பக்கம் கொஞ்சம் மூடியிருக்கு" என்று முள்ளைத் தூக்குவார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரசமட்டம் வைத்திருக்கிறார். கொத்தனார்கள் சுவருக்கு வைத்துப் பார்ப்பார்களே, அதன் விரலளவுக் குட்டி. அதைச் சுழல்தட்டின் ஓரத்தில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நிற்காது. குமிழி நடுவில் நின்றுவிட்டால் அவருக்கு வேறு வேலை ஏது?

பகலெல்லாம் ஊரார் வாயில் துளைக்கருவியை விட்டுக் கறகறவென்று ராவுகிற மனிதர். காத்திருக்கும் நோயாளி அந்தச் சத்தத்துக்கே பல்வலி போய்விட்டதாகச் சொல்லி எழுந்து ஓடியிருக்கிறார். அந்தச் சத்தம் இவர் காதில் மட்டும் விழுந்ததாகத் தகவல் இல்லை. மருத்துவமனையில் இருந்து வரும்போது பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்து, முள்ளின் அடிவயிற்றைப் பார்ப்பார். மெல்லிய தூரிகையால் அதற்குக் காலையும் மாலையும் பல் தேய்த்துவிடுவார். பெற்ற பிள்ளைகளுக்குச் செய்ததில்லை.

ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி மலைப்பாம்புக் கனம். அது தரையில் பட்டால் ஓசை அழுக்காகிவிடும் என்று சாண் உயரத்துக்கு மரக்கட்டில்கள் செய்து, அவற்றின்மேல் கிடத்தியிருக்கிறார். மாமியார் வந்து தங்கினால் தரையில்தான் பாய். "கம்பிக்குக் கட்டில் போட்ட மாப்பிள்ளை எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளைதான்" என்று அந்த அம்மாள் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார்.

மனைவியின் தம்பி ஒருநாள் கேட்டான். "அத்தான், எப்பத்தான் ஒரு பாட்டை முழுசா கேப்பீங்க?"

"பாட்டை யாருப்பா கேக்கறா? நான் செட்டைக் கேட்டுட்டு இருக்கேன்."

மனைவிக்குக் கேட்கவேண்டியது ஒரே ஒரு பாட்டு. கல்லூரிச் சேர்ந்திசைக் குழு எப்போதோ போட்ட தட்டு அது. நடுவில் ஒரு சரணத்தை அவள் தங்கை தனியாகப் பாடியிருக்கிறாள். தங்கை போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. மிச்சம் இருப்பது அந்த ஒரே தட்டு. அதை டாக்டர் உறைக்கு மேல் உறை போட்டு அலமாரியின் மேல்தட்டில் சீராட்டி வைத்திருக்கிறார். போட்டுக் காட்டியதே இல்லை.

"செட் இன்னும் தயாராகலை" என்பார். "இதுல போட்டா உன் தங்கச்சிக்கு மரியாதை இல்ல."

"முகம் ஞாபகம் இருக்குங்க. குரல்தான் நழுவிக்கிட்டே போகுது."

"அதனாலதான் சொல்றேன். அரைகுறையா கேட்டு, தப்பான குரலை மனசுல பதிச்சுக்காதே."

அவள் காத்திருந்தாள். முள் மாறியது, முள்ளைத் தாங்கும் கை மாறியது, ஸ்பீக்கர் பெட்டி மாறியது. பிறகு வெள்ளிக்கம்பி வந்தது. பழைய மலைப்பாம்புக்குப் பதிலாக அதை மாட்டிவிட்டு அன்று டாக்டர் கண்கலங்கிப் போனார். "திரையை விலக்கின மாதிரி இருக்கு பாரு. பாடறவன் பல்லு தெரியுது." மறுநாள் பெருக்கும்போது சோபா மெத்தைக்கு அடியில் அவளுக்கு வெள்ளிக்கம்பி கிடைத்தது. மனிதர் பழையதைக் கழற்றி, துடைத்து, புதுசென்று நினைத்து அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்.

அவள் மூச்சுவிடவில்லை. புதுக்கம்பியைப் பின்பக்க பால்கனியில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கட்டி, துணி காயப்போட்டாள். தினமும் குளித்துவிட்டு அவர் துண்டை உதறிப் போடுவது அதன்மேல்தான். தம்பி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, கொடி பளபளன்னு இருக்கு?" என்றான். "ஈரம் திரையை விலக்கின மாதிரி போகுதுடா" என்றாள்.

போன வாரம் டாக்டர் கடைசி முடிவுக்கு வந்தார். குறை செட்டில் இல்லை, கூடத்தில். ஒரு சுவரை எடுத்துவிட்டால் போதும். "அப்புறம் முதல்ல போடற தட்டு உன் தங்கச்சிதான். சத்தியமா."

"எந்தச் சுவரு?"

"சமையலறைச் சுவருதான்."

அவள் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் ஒரு சிவப்பு நிறப் பெட்டியோடு வந்தான். மூடியைத் திறந்தால் பிளேயர், ஓரத்தில் பிஸ்கட் அளவுக்கு ஸ்பீக்கர். பரிசுக் கடையில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்து விற்பது. சமையலறையில் காலியாக இருந்த பிளக் ஃபிரிட்ஜுக்குப் பின்னால்தான் என்பதால் பெட்டியை ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தார்கள். அடுப்பில் குக்கர். அக்கா ஸ்டூலில் ஏறி அலமாரியிலிருந்து தட்டை எடுத்து, உறைகளை ஒவ்வொன்றாக உரித்தாள்.

அன்றைக்குப் பார்த்து ஒரு நோயாளி பயந்து வராமல் போக, டாக்டர் மதியமே வீடு திரும்பினார். சமையலறை வாசலில் அவர் கண்டது கொலை. ஃபிரிட்ஜ் உறுமுகிறது. அதன்மேல் பெட்டி நடுங்குகிறது. அதற்குள் அந்தத் தட்டு.

"அடிப்பாவி, அந்த முள்ளு தட்டை உழுதுடும்." பாய்ந்து போய்க் கையை நீட்டினார்.

"கையை எடுங்க" என்றாள்.

அந்தத் தொனியில் அவள் பேசி அவர் கேட்டதில்லை. கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் குழுவின் குரல்கள் ஒதுங்கி, ஒரு பெண்குரல் தனியாக வந்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போவதற்கு முன் அவசரமாக ஒரு மூச்சு எடுத்தது.

"அவதான்" என்றாள். "மாடிப்படி ஏறி வந்து பேசினா இப்படித்தான் மூச்சு வாங்குவா. மறந்தே போயிருந்தேன்டா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். குக்கர் விசிலடித்தது. யாரும் அதைத் தொடவில்லை. டாக்டரும் அசையவில்லை. ஒரு சரணம் முழுக்க, முள்ளைத் தூக்காமல், இடது பக்கம் மூடியிருப்பதாகச் சொல்லாமல், அவர் நின்றுகொண்டிருந்தார். கண்கூடக் கொஞ்சம் பளபளத்ததாகத் தம்பி பிற்பாடு சொன்னான்.

பிறகு அவர் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போனது. ரசமட்டத்தை எடுத்து, பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல், பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் சிவப்புப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். கால்விரல்களை ஊன்றி எம்பி, குமிழி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தார்.