கங்கம்மா விட்ட கயிறு

கங்கம்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் குப்பத்தில் குறைவு. பழவேற்காட்டுக்குத் தெற்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில் அவள் வீடு. விடிந்ததும் கருவாட்டுக் கூடையோடு பஸ் பிடித்துப் பொன்னேரி போவாள். அங்கிருந்து ரயிலேறி ஆரம்பாக்கம் வரை விற்றுவிட்டு வருவாள். வந்ததும் வராததுமாக வாசலைப் பெருக்குவாள், பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்குவாள். கல்யாணப் பந்தியில்கூடப் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுகிற பொம்பளை. கால் தரையில் பாவினால் ஏதோ குடிமுழுகிப் போகும் என்று யாரோ அவளிடம் சொல்லிவைத்த மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்டவளைக் கரையில் ஒரே இடத்தில் நிறுத்திக் கையில் கயிற்றைக் கொடுத்தான் புருஷன் கலியன்.

கலியனும் மீன்பிடிக்கிற வம்சம்தான். ஆனால் 1965 வாக்கில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் சேர்ந்ததிலிருந்து வலையைத் தொடுவதில்லை. பத்து வருஷம் ஓடிய பிறகு மின்வெட்டு வந்து சேர்ந்தது. வாரத்தில் பாதி நாள் பட்டறை திறக்கவில்லை. வீட்டில் இருந்த கலியன் பெண்டாட்டியைவிட மோசமாகத் தவித்தான். அவளுக்காவது பெருக்க வாசல் இருந்தது.

அந்த வருஷத்து ஐப்பசிப் புயலில், செம்புத் தகடும் பித்தளைச் சாமானும் ஏற்றிக்கொண்டு வடக்கேயிருந்து வந்த சரக்குத்தோணி ஒன்று குப்பத்துக்கு நேராக உடைந்து போனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரக்கு மட்டும் அலைவாயில் புதைந்தது. ஜனங்கள் காலால் துழாவித் துழாவி எடுத்தார்கள். கலியன் மட்டும் பட்டணத்துக்குப் போய், மூர் மார்க்கெட்டில் ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். யுத்த காலத்தில் மண்ணுக்குள் வெடிகுண்டு தேடிய மிஷினாம். நீளக் கழி, அதன் முனையில் சட்டிமூடி மாதிரி ஒரு தட்டு, முதுகில் பேட்டரிப் பெட்டி, காதில் ஹெட்போன். மணலுக்குள் உலோகம் இருந்தால் காதுக்குள் விசிலடிக்கும்.

உப்புத்தண்ணீர் பட்டாலும் விசிலடிக்கும், அதுதான் வினை. எது செம்பு, எது வெறும் உப்பு என்று பிரித்துக் கேட்க, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு குனிந்தே நிற்க வேண்டும். அலைக்குள் நிற்கிறவனுக்குக் கண்ணும் காதும் கடல் மேலல்லவா இருக்க வேண்டும்? இந்த மகராசன் காதை மிஷினுக்கும் கண்ணை மணலுக்கும் கொடுத்துவிட்டு, கடலுக்கு முதுகைக் கொடுத்தான்.

"கடலுக்கு முதுகக் காட்டாதய்யா" என்று கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் நீ கீறியே" என்று இடுப்பில் கயிற்றை முடிந்து, மறுமுனையை அவளிடம் தந்தான். பெரிய அலை வந்தால் அவள் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். விடாமல் இழுத்தால் அவன் கரையேற வேண்டும். இதுதான் ஏற்பாடு. கங்கம்மாவுக்கு எல்லா அலையும் பெரிய அலையாகவே தெரிந்தது.

"இன்னாமே, மாட்டக் கட்டி இழுக்கற மாதிரி இழுத்துக்கினே கீறே? வேல செய்ய வுடமாட்டியா?"

கயிற்றை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், சும்மா நிற்கவும் முடியாமல், அவள் நின்ற இடத்தில் மணல் குழிந்து போனது. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அவன் முதுகுதான் தெரிந்தது.

மார்கழியில் ஒரு நாள், கலியன் வழக்கத்தைவிடத் தள்ளிப்போய் நின்றான். அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலை உடைந்து நுரைத்தது. நடுவில் மட்டும் வாய்க்கால் மாதிரி ஒரு பட்டை, அலையில்லாமல் கலங்கலாகக் கிடந்தது. தட்டு ஆடாமல் நிற்கும் என்று அவனுக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. கங்கம்மா பார்த்ததும் தெரிந்துகொண்டாள். கரையில் மோதிய தண்ணீரெல்லாம் மறுபடி கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிற வழி அது. குப்பத்தில் பிறந்த பிள்ளைகள் அதில் கால் வைக்காது. பட்டறைக்குப் போய் வந்தவன் மறந்திருந்தான்.

அவள் விடாமல் இழுத்தாள். அவன் திரும்பாமலே, இரு என்று கையைக் காட்டினான். காதுக்குள் நல்ல விசில் கேட்டிருக்கும்.

அடுத்த நொடி அவன் காலுக்கடியில் மணல் இல்லை. கயிறு அவள் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. குதிகாலை ஊன்றி, அலறிக்கொண்டே பிடித்தாள். பக்கத்தில் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த கலியனின் அண்ணன் நாகமுத்து ஓடிவந்து சேர்ந்து பிடித்தார்.

"இழு! வுடாதே, இழு!"

இழுத்தார்கள். கயிறு விறைக்கும்போதெல்லாம் கலியனின் தலை தண்ணீருக்குள் போனது. மூச்சு வாங்க இவர்கள் ஒரு கணம் தளர்ந்தால் மேலே வந்தது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி அமுங்கியது. கங்கம்மா அதைப் பார்த்துவிட்டாள். நங்கூரம் போட்ட கட்டுமரம் நீரோட்டத்தில் மாட்டினால், விறைத்த கயிறே அதன் மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கும். அவள் அப்பன் முதலில் கயிற்றைத்தான் தளர்த்துவார்.

"வுடு மாமா! கயித்த வுடு!"

"பைத்தியமாடி நீ?" நாகமுத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அவள் தன் கையை விட்டாள். பிறகு குனிந்து நாகமுத்துவின் மணிக்கட்டைக் கடித்தாள். புருஷனுடைய அண்ணன் எதிரில் நிமிர்ந்து பேசவும் கூசுகிறவள், ரத்தம் வரக் கடித்தாள். கயிறு கடலுக்குள் போனது.

பிறகு அவள் கரையோடு ஓடினாள். நீரோட்டம் கலியனை அலைகளுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டது. அங்கே தண்ணீர் அமைதியாக இருந்தது. பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு மிதந்தான், பக்கவாட்டில் நீந்தினான். வெகுதூரம் தெற்கே அலைகள் அவனைக் கரையில் தள்ளின. அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் முட்டிபோட்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி:

"கயித்த ஏன்மே வுட்ட?"

சொன்னாள். அவன் காதில் ஏறவில்லை. கடிபட்ட கையை நாகமுத்து வீடுவீடாகக் காட்டினார். புருஷனைக் கடலில் விட்டவள் என்று குழாயடியில் பேசினார்கள். கலியன் அவள் போட்ட சோற்றைத் தொடாமல், குப்பாயியின் இட்லிக் கடையில் நாஷ்டா சாப்பிட்டான். செத்துப் பிழைத்தவனே தன்னைக் கொலைகாரி மாதிரிப் பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ரயில் ரயிலாக ஏறினாள். விற்காத ஊரில்கூட இறங்கி நடந்தாள். எங்கே போனாலும் உள்ளங்கைக் காயம் எரிந்தது.

ஒரு காலையில், குப்பாயிக்குக் கருவாடு கொடுக்கக் கடைக்குள் நுழைந்தாள். கலியன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காதவன் போலத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கதை கேட்பதில் குப்பாயிக்கு அலுப்பே கிடையாது.

"தண்ணிக்குள்ள எப்டி இருந்துச்சி நைனா?"

"இன்னான்னு சொல்றது அக்கா. கயிறு வவுத்த அறுக்குது. தலயத் தூக்கறேன், அமுக்குது. மறுக்கா தூக்கறேன், மறுக்கா அமுக்குது. வாயெல்லாம் மண்ணு. அவ்ளோதான், போய்ச் சேந்தோம்னு நெனச்சேன். திடீர்னு ஒடம்பு லேசாயிடுச்சி. தல மேல வந்துச்சி. அப்பத்தான் மூச்சு வுட்டேன்."

"அது எப்ப லேசாச்சி?"

"எப்பவா? இந்தப் பாவி கயித்த வுட்டாளே, அப்போ..."

கலியனின் கை இட்லியோடு அப்படியே நின்றது. குப்பாயி கரண்டியைக் கீழே வைத்தாள். நாகமுத்து கடிபட்ட கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

கங்கம்மா கூடையை இறக்கி வைத்தாள். இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது, அழுகையைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. அவன் எதிரில் இருந்த பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்போ கேளுய்யா. ஏன் வுட்டேன்னு இப்போ கேளு."

கலியன் தன் இட்லித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.