போயிட்டு வாரேன்

குன்னூரில் எங்கள் நாடக மன்றத்தின் அரங்கில் இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் பத்தொன்பது உடைந்தவை. மன்றத்தில் மிஞ்சியிருக்கிற உறுப்பினர்கள் ஒன்பது பேர். எங்கள் நாடகத்துக்கு முப்பது பேர் வந்தால் நல்ல கூட்டம். தேயிலை ஏலக் கம்பெனியில் பெட்டிகளை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் இருக்க வருவதில்லை.

இந்த மழைக்காலத்தில் அதே அரங்கில் உடைந்த நாற்காலிகளுக்கும் ஆள் வந்தது. கோயம்புத்தூர் இளைஞர்கள் சிலர் ஒரு பாட்டு நாடகம் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமைதோறும் மாலைக் காட்சி. எஸ்டேட்டில் மண் சரிந்து செத்துப்போன ஒரு தாய், மழை நாளில் பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள், பாடுகிறாள், போகிறாள். கதை அவ்வளவுதான். பாட்டுகள் பதினான்கு. வாத்தியம் எல்லாம் முன்பே பதிவு செய்தது. மைக்கைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு பாடினார்கள். இரண்டு பேருக்குச் சுருதி நிற்கவில்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

பார்க்க வந்த இளம்பிள்ளைகளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. தேவாலாவிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பஸ் மாறி வந்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாளை மேடைத் தாய் நீலத்தில் கட்டியிருப்பாள். இவர்களும் நீலத்தில் கட்டிக்கொண்டு சரசரவென்று உள்ளே நுழைவார்கள். மன்றத்தார் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தார்ப்பாய்க் கூட்டம்’.

மகள் வயிற்றுப் பேத்தி என்னோடுதான் இருக்கிறாள். அவளும் தார்ப்பாய்க் கூட்டம்தான். பிளஸ் டூ படிக்கிறாள்.

“அப்பிச்சி, இந்தச் சனிக்கிழமையும் போலாங்களா?”

“போன வாரந்தானே பாத்தே. கதை மாறிடுச்சா?”

“நீங்க காலையில பேப்பரு, மத்தியானம் ரேடியோ, சாயங்காலம் டிவின்னு ஒரே செய்திய மூணு தடவ கேக்கறீங்களே, அது மாறிடுதுங்களா?”

மழையில் தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போனேன்.

நாடகத்தின் முடிவில் அந்தத் தாய் வாசற்படியில் நின்று திரும்பி, “போயிட்டு வாரேன்” என்பாள். உடனே அரங்கமே “வாம்மா!” என்று கத்தும். அவள் திரும்பி வந்து கடைசிப் பாட்டை இன்னொரு தடவை பாடுவாள். மறுபடி வாசற்படி, மறுபடி அதே சொல், அதே கூச்சல். ஒரு சனிக்கிழமை நான்கு தடவை வந்தாள். முதல் ‘வாம்மா’ எப்போதும் எங்கள் வரிசையிலிருந்து எழும். என் பேத்தியின் குரல்.

போன வருஷம் மூச்சுத் திணறிய என் மகளை ஆம்புலன்ஸில் மலையிறக்கியபோது இவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. தினமும் வாசலில் நின்று, “போயிட்டு வாரேன்” என்று இவளிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனவள், அன்றைக்குச் சொல்லாமல் போனாள்.

இவள் எதற்காகக் கத்துகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கூச்சல் எனக்கு ஆகவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். இங்கே இருநூறு பிள்ளைகள் செத்தவளை வா, வா என்கிறார்கள். கூப்பிட்டால் வருகிறவள் மேடையில் இருப்பவள்தான் என்று யார் சொன்னது? வீடு திரும்பும்போது பனிமூட்டத்தில் ஆட்களை எண்ணுவேன். இரண்டு பேர். பின்னால் பிளாஸ்டிக் தாள் சரசரக்கும். அது பேத்தி கட்டியிருப்பது. செருப்பைச் சரிசெய்ய அவள் நின்ற பிறகும் கொஞ்சம் சரசரக்கும்.

கடைசிக் காட்சிக்கு முன் மன்றம் கூடியது. செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

“ஏனுங்க, செத்தவ எங்கியாச்சும் ‘போயிட்டு வாரேன்’னு சொல்லுவாளா? எழுதுனவனுக்குச் சாவு ஊட்டு முறையே தெரியலீங்க. அந்தச் சொல்ல மாத்தட்டும். ‘போறேன்’னு சொல்லிட்டு நடையக் கட்டட்டும். இல்லீனா அரங்கம் கெடையாது.”

“பசங்க ஆசைப்படறாங்க, விடுங்களேன்” என்றேன்.

“நாளைக்கு டப்பாங்குத்துக்கு ஆசைப்படுவாங்க. நீங்க ஆடுவீங்களா?”

“முப்பது பேருக்கு நாடகம் போடற நாம பேசலாமுங்களா இதெல்லாம்?”

“அந்த முப்பது பேரும் நாடகம் பாக்க வந்தவங்க. கத்தறதுக்கு வந்தவங்க இல்லீங்க.”

கை தூக்கினோம். மாற்றச் சொல்லி ஆறு, வேண்டாமென்று மூன்று. மூன்றில் ஒன்று என்னுடையது. முறையைப் பொறுத்தவரை அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தே தூக்கினேன்.

வீட்டில் சொன்னதும் பேத்தி புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, “போறேன்னு சொன்னா, நாங்க என்னங்க அப்பிச்சி சொல்றது?” என்றாள்.

கடைசிச் சனிக்கிழமை நிற்பவர்களே நாற்பத்தாறு பேர். செயலாளர் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினான்காவது பாட்டு முடிந்தது. அந்தத் தாய் வாசற்படியில் திரும்பினாள்.

“போறேன்.”

இருநூறு வாய்கள் திறந்தபடி நின்றுவிட்டன. தகரக் கூரையில் மழை மட்டும் கேட்டது. பழகிய கூச்சலுக்குக் காத்திருந்தவள் போல நடிகையும் அசையாமல் நின்றாள்.

என் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. பேத்தி எழுந்து நின்றாள். அவள் கத்தவில்லை.

“அப்படிச் சொல்லாதம்மா. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ.”

நடிகை முன் வரிசையைப் பார்த்தாள். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தாள். கன்னத்திலிருந்த மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, வெறும் குரலில் சொன்னாள்.

“போயிட்டு வாரேன் கண்ணு.”

‘கண்ணு’ நாடகத்தில் இல்லாதது. எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் மகளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

அரங்கம் “வாம்மா!” என்று அதிர்ந்தது. பேத்தி மட்டும் சொல்லவில்லை. உட்கார்ந்து இடுப்புத் தாளை அவிழ்த்து மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் அன்று அந்தத் தாய் திரும்பி வரவில்லை. “முறை கெட்டுப்போச்சுங்க” என்றார் செயலாளர், யாரிடம் என்றில்லாமல். விளக்குப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. நீலத் தாள் சமையலறை ஆணியில் தொங்கியது. மகள் போனதிலிருந்து பேத்தி பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. கதவு சாத்தும் சத்தம்தான் கேட்கும். அன்று வாசலில் நின்று திரும்பினாள்.

“போயிட்டு வாரேன்.”

“வா கண்ணு” என்றேன், நாற்காலியில் இருந்தபடியே.

“சரிங்க அப்பிச்சி” என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டே, “சரிம்மா” என்றாள்.

நான் சொன்னது ஒரு தடவை. அவள் பதில் சொன்னது இரண்டு பேருக்கு. சரியாகத்தான் எண்ணினேன். சமையலறைப் பக்கம் திரும்பாமல், அவள் படியிறங்கும் சத்தம் முடியும்வரை பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.