தங்கக் கடிகாரப் பக்கத்து ஓட்டல்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினைந்து வயதில் டைல்ஸ் ஒட்டப் போனேன். ஐம்பது வயதுக்குள் நாற்பத்திரண்டு வீடு கட்டி விற்றேன். எங்கள் ஊர் நகட்சுகவாவில் கனியே இசாபுரோ வீடு எது என்று கேட்டால் வழி காட்டாதவன் கிடையாது. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் மனைவி தொமொயேயைப் பற்றி. என்னைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே.

முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக சைக்கிளில் தயிர்ப்பால் புட்டி போட்டவள் அவள். எந்த வாசலுக்கு எத்தனை படி, எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும், எந்த நாயை எந்தக் கிழமை அவிழ்த்து விடுவார்கள், எல்லாம் மனப்பாடம். அதை நான் ஒரு படிப்பாக நினைத்ததே இல்லை.

போன அக்டோபரில், புல்லட் ரயிலிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஹகட்டாவில் அவளுடைய அக்கா யசுகோவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. காலை பத்தரைக்கு உள்ளே கொண்டு போவார்கள். எழுபத்தெட்டு வயது; டாக்டரே உறுதியாக எதுவும் சொல்லவில்லை. "போறதுக்கு முன்னாடி தங்கச்சி முகத்தைப் பார்க்கணும்" என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். ஹகட்டாவிலேயே தங்கலாம் என்றால், அந்த வாரம் அங்கே ஏதோ பாட்டுக் கச்சேரியாம், ஓட்டல் எல்லாம் நிரம்பிவிட்டது. அக்கா மகன் வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். ஆகவே முந்தின நாள் சாயங்காலம் புல்லட் ரயில் நிற்கிற பெரிய ஊரான நகோயாவுக்குப் போய் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கி, காலை முதல் புல்லட் ரயிலைப் பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

ஓட்டல் பிடிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். டிக்கெட் கடைக்காரப் பெண் பதினேழு தாள் அச்சடித்துக் கொடுத்தாள். பார்த்தால், ஒரே பெயரில் ஐந்து ஓட்டல்! நிலையம் முன்பு, நிலையம் மேற்கு, நிலையம் வடக்கு, நிலையம் புதுக் கட்டடம், இன்னும் ஒன்று. ஐந்துக்கும் அதே கட்டில், அதே மேசை விளக்கு. நாற்பத்திரண்டு வீட்டு வரைபடத்தைத் தலைகீழாகக்கூடப் படித்தவனுக்குத் தலை சுற்றியது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தொமொயே அந்தப் பக்கம் உட்கார்ந்து வேறொரு ஓட்டலுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். "உங்க வாசல்லேருந்து புல்லட் ரயில் கேட் வரைக்கும் சிக்னல் எத்தனை? படி எத்தனை?"

"என்ன கேள்வி இது? என்ன சொல்றான்?" என்றேன்.

"போய் எண்ணிட்டு வர்றேன்னு போயிருக்காருங்க."

ஓட்டல்காரன் எண்ணிவிட்டு வந்து சொன்னான்: ஆறு நிமிஷ நடை, ஒரு சிக்னல், படியே இல்லை.

"ஆறு நிமிஷமா? இதைப் பாரு, ஒரே நிமிஷம்! ஒரு நிமிஷ நடைன்னா எண்பது மீட்டர். நாப்பது வருஷமா வீட்டு விளம்பரத்துல நானே போட்ட கணக்கு."

"ஸ்டேஷனுக்கு ஒரு பக்க வாசல்ல தங்கக் கடிகாரம், எதிர்ப் பக்கத்துல வெள்ளிக் கடிகாரம். அது தங்கக் கடிகாரப் பக்கங்க. புல்லட் ரயில் வெள்ளிக் கடிகாரப் பக்கம் இருக்கு."

"தங்கம் இருக்கறப்ப எவனாவது வெள்ளியை எடுப்பானா?"

"கடிகாரத்தையா வாங்கப் போறோம்?" என்றாள். பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்று முழங்காலைத் தடவிக்கொண்டாள். தடவியதைப் பார்த்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் நிலையத்தில் இறங்கி, நிலத்தடிக் கடைத்தெரு வழியே நடந்து, ஒரு படிக்கட்டில் ஏறித் தெருவுக்கு வந்தோம். படிக்கட்டு வாசலிலிருந்து ஓட்டலுக்குச் சரியாக ஒரு நிமிஷம்.

"பார்த்தியா?"

"பார்த்தேன். காலையிலயும் பார்ப்போம்."

காலையில் அந்தப் படிக்கட்டு வாசலில் ஷட்டர் இறங்கியிருந்தது. ஏழு மணிக்குத்தான் திறப்பார்களாம். ஒரு நிமிஷம் என்று போட்டிருந்தது இந்த ஷட்டர் வரைக்கும்தான். சரி, மேலே தெரு வழியாகவே போவோம் என்று நடந்தேன். நிலையத்துக் கோபுரக் கட்டடம் கண்ணெதிரேதான் நின்றது. கொஞ்ச தூரம் இடது பக்கம் இருந்தது; ஒரு சிக்னல் தாண்டினால் வலது பக்கம் போயிருந்தது. தெரு பெருக்கிய ஒருவரிடம் நிலையம் எங்கே என்றேன். "எந்த வாசல் வேணும், பெரியவரே?" என்றார். எனக்குத் தெரிந்தால் அவரை ஏன் கேட்கிறேன்?

நாலாவது சிக்னலில் தொமொயே பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"முட்டி."

"எப்போலேருந்து?"

"மூணு வருஷமா."

"சொல்லவே இல்லையே!"

"சைக்கிளை வித்தப்ப ஏன்னு கேட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணி, வழி, மூன்று வருஷம், எல்லாம் ஒன்றாகக் குழம்பியது. எண்பது மீட்டர் என்று கணக்குப் போட்டேனே, அது யாருடைய கால் கணக்கு?

குனிந்தேன். "முதுகுல ஏறு."

"ஐயோ, இந்த வயசுலயா! நாலு பேர் பார்க்கறாங்க."

"ஒரே நேரத்துல ரெண்டு மூட்டை சிமெண்ட் தூக்கினவன்டி நான்."

"நான் சிமெண்ட் இல்லைங்க. மெதுவா."

ஏறினாள். பெட்டியைக் கையில் இழுத்தேன். மேலேயிருந்து அவள்தான் வழி சொன்னாள். "இடது பக்கம்... தங்கக் கடிகாரம் தெரியுது... நிக்காதீங்க, நேரே போங்க." தங்கத்திலிருந்து வெள்ளிக்கு அத்தனை தூரம் என்று எந்தத் தாளிலும் போடவில்லை. நடைமேடையில் ஏறியபோது முதல் வண்டியின் பின்விளக்குதான் தெரிந்தது. அடுத்தது அரை மணி கழித்து.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பத்தரை அடிக்க இருந்தது. யசுகோவின் கட்டில் லிஃப்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. தொமொயே நொண்டிக்கொண்டே ஓடினாள். நர்ஸ் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"என்னடி, ஹகட்டா வரைக்கும் நடந்தா வந்தே?" என்றாள் யசுகோ.

"இவர் பிடிச்ச ஓட்டல்லேருந்து ரயிலுக்கு வர்றதே அவ்வளவு தூரம்க்கா. பாதி இவர் முதுகுல வந்தேன்."

"குதிரை பரவாயில்லையா?"

"வழிதான் தெரியலை."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

யசுகோ பிழைத்தாள். இன்றைக்கும் போனில் முதலில் குதிரையைத்தான் விசாரிக்கிறாள். திரும்பி வரும்போது வெள்ளிக் கடிகாரப் பக்கம், தொமொயே அன்று போனில் விசாரித்த ஓட்டலில் தங்கினோம். ஆறு நிமிஷம் என்றார்கள். அவளோடு நடந்தால் பன்னிரண்டு ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கோபுரக் கட்டடம் மறுபடி எந்தப் பக்கமோ நின்றது. எது கிழக்கு, எது மேற்கு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவளைக் கேட்டேன், சொன்னாள்.