மூன்று தடவை மிச்சம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'அப்புறம் அக்கா' என்று பெயர். எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அதற்காகச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. ஒரே பகலில் நூறு ரத்த மாதிரிகளுக்கு முடிவு சொல்கிறவள். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காரமாட்டாள்.

அவளுடைய 'அப்புறம்' எல்லாம் இந்த ஊரோடு சரி. நாலு வருடமாக வாடகை அறையில் இருக்கிறாள், துணிமணி இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது. கணவனும் ஏழு வயது மகளும் எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். இதோ மாற்றல் வந்துவிடும், கிளம்பப்போகிற ஊரில் ஜன்னலுக்கு எதற்குத் திரை?

அலுவலகக் கணக்கின் கடவுச்சொல்லிலும் அதே கதைதான். "காலாவதியாகப் போகிறது, மாற்றவும்" என்று கணினி பத்து நாளாகக் கெஞ்சியது. கேட்டால்தானே! காலாவதியும் ஆயிற்று. "சலுகையாக இன்னும் மூன்று முறை நுழையலாம், அதற்குள் மாற்றவும்" என்று கடைசி எச்சரிக்கை வந்தது. அன்று காலை ஒருமுறை நுழைந்து அவசர முடிவுகளை அனுப்பினாள். இன்னும் இரண்டு இருக்கிறதே என்று எழுந்து போய்விட்டாள்.

மாற்றல் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அதே கணக்கில் நுழைந்துதான் போட முடியும். ஐந்து மணிக்கு அந்த இணையப் பக்கத்தை மூடிவிடுவார்கள், விட்டால் அடுத்த வருடம்தான். மூன்றரைக்குக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், "சலுகை முடிந்தது. அடையாள அட்டையுடன் தலைமை அலுவலகக் கணினி அறையில் நிர்வாகியை நேரில் பார்க்கவும்" என்கிறது திரை. அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தலைமை அலுவலகத்துக்குப் போகும் பஸ் நெரிசலில் நகரவே இல்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே குதித்து ஓடினாள்.

கணினி அறைக்காரர் மகா நிதானப் பேர்வழி. அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதைப் பிடுங்கித் தானே படித்துக் காட்டலாமா என்றிருந்தது அவளுக்கு.

"மூணும் தீர்ந்துபோச்சேம்மா."

"சார், நான் ஒரு தடவதான் உள்ள போனேன். சத்தியமா!"

அவர் பதிவேட்டைத் திரையில் திறந்தார். "எட்டே காலுக்கு லேப் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, அது நீங்க. ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் உங்க போன்லேருந்து. ஆபீஸ் மெயில் போன்ல வருதா?"

"வருது..."

"அது தானா உள்ள போய் மெயில் பாத்துட்டு வரும். அதுவும் கணக்குதான்."

பைக்குள் சும்மா கிடந்த போன் இரண்டையும் தின்று தீர்த்திருக்கிறது! அதைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள்.

அவர் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்தார். மணி நாலு நாற்பது. அவள் அதைத் தட்டுவதற்குள் "கணக்கு பூட்டப்பட்டது" என்று வந்தது.

"அட, உங்க போன் இன்னும் பழசையே போட்டுப் போட்டுப் பாக்குது! மூணு தப்பு ஆனா பூட்டிக்கும். நான் திறந்து விடுறேன், நீங்க முதல்ல போன்ல நெட்டை நிறுத்துங்க."

போனை எடுத்தாள். அதே நேரம் அதில் மகளின் வீடியோ அழைப்பு. பள்ளி விட்டு வந்ததும் தினமும் பேசுகிற நேரம். அவள் ஒருநாளும் 'அப்புறம்' என்று சொல்லாத ஒரே காரியம் அது.

"அம்மா! பல்லு விழுந்துருச்சு! இங்க பாரேன்..."

"அப்புறம்டா கண்ணு."

குழந்தை வாயைத் திறக்கும்போதே துண்டித்து, நெட்டை நிறுத்தினாள். அவர் பூட்டைத் திறந்துவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுக் கடவுச்சொல் போட்டாள், விண்ணப்பத்தை நிரப்பினாள். நாலு ஐம்பத்தாறுக்கு "பெறப்பட்டது" என்று வந்தது. கணினி அறைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அந்த இடத்திலேயே போனில் நெட்டைத் திரும்பத் திறந்து, அதிலும் புதுச் சொல்லைப் போட்டுவிட்டு மகளை அழைத்தாள். முகத்தை உம்மென்று வைத்திருந்தது குழந்தை.

"ஏம்மா கட் பண்ண?"

"உன் பல்ல நேர்ல வந்து பாக்கத்தான்டி."

"எப்ப வருவ?"

வழக்கமான 'அப்புறம்' தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததே தவிர, மாற்றல் கிடைத்துவிடவில்லையே.

"அடுத்த பல்லு விழறதுக்குள்ள வந்துடுவேன்."

குழந்தை வாய்க்குள் விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தது.

"அம்மா, ஒண்ணு இப்பவே ஆடுது."