கிணற்று மேட்டுக் கிரேன்

கிரேன் என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஒரு பறவையின் பெயர். நீண்ட கழுத்தும் நீண்ட காலும் உள்ள நாரை இனம். சுமை தூக்கும் சட்டம் அந்தக் கழுத்தைப் போல் நீண்டிருந்ததால் அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஆங்கிலேயர்களுக்கு முன்பே கிரேக்கர்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதற்கும் அதே சொல். வம்சாவளியைக் குறிக்கும் 'பெடிகிரி' என்ற ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு மொழியில் அந்தப் பறவையின் காலிலிருந்து பிறந்ததாம். தலைமுறைகளை இணைக்கும் கோடுகள் மண்ணில் பதிந்த மூன்று விரல்போல் இருந்தனவாம். ஆக, அந்த ஒரு பறவையை வைத்து என் கணக்கில் நான்கு அர்த்தங்கள். நம்முடைய கொக்கியும் கொக்கிலிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உறுதி இல்லாததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில், பல்லடம் சாலையில் பனியன் துணி வெளுக்கும் ஒரு சலவைப்பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மழை பொய்த்துக் கிணறு வற்றியதால், முதலாளி அதை ஆழப்படுத்த ஆள் பிடித்தார். கிணற்று மேட்டில் டீசல் எஞ்சினோடு ஒரு கிரேனை நிறுத்தினார்கள். அதன் இரும்புக் கை கிணற்றின் நடுவரை நீண்டு நின்றது. நுனியில் கொக்கி, கொக்கியில் தொட்டி. உடைத்த கல்லும் அதில்தான் ஏறும், ஆட்களும் அதில்தான் ஏறி இறங்குவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே இறங்குகிறவன் செருப்பைக் கிரேனின் காலடியில் விட்டுவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் மாட்டிக்கொள்வான். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

அன்று பிற்பகல், பாறைக் குழிகளில் வெடிமருந்து கெட்டித்துத் திரி கொளுத்திவிட்டு வெடிக்காரர் கடைசியாக மேலே வந்தார். தன் செருப்பை மாட்டினார். பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. வார் அறுந்து தைத்த பழைய தோல் செருப்பு. அவர் இறங்கும்போதே அது அங்கே இருந்ததா என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"இது யாருதுங்க?" என்று கேட்டேன்.

"உங்களுதா இருக்கும், கணக்குப்பிள்ளை. அடுத்தவன் காலையே எண்ணிக்கிட்டிருந்தா தன் காலு எங்க ஞாபகம் இருக்குது?" என்று வெடிக்காரர் சிரித்தார்.

என் செருப்பு என் காலில் இருந்தது. எல்லார் காலிலும் செருப்பு இருந்தது. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். அப்படியானால் எங்களில் சேராத யாரோ உள்ளே இருக்கவேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது.

கிணற்றின் அடிப்பாறையில், ஊற்றுத் தேடிப் பக்கவாட்டில் குடைந்த ஒரு பொந்து உண்டு. வெயில் நேரத்தில் அதற்குள் யாராவது சாய்ந்துகொள்வார்கள். திரி கொளுத்தும் இடத்திலிருந்து அதன் உட்புறம் தெரியாது. வெடிக்காரர் மறுபடியும் தொட்டியில் ஏறினார். எஞ்சின் ஓட்டியவர் அவருடைய மைத்துனர்.

"மாமா, வேண்டாம். திரி எரியுது."

"நீளமாத்தான் உட்டிருக்கறேன். எறக்கு."

"அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உள்ள எவனாச்சும் கெடந்தா அவம் பொண்டாட்டிக்கு நான் என்னடா சொல்றது? எறக்குடா!"

தொட்டி இறங்கியது. விளிம்பில் நின்ற நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக் குனிந்தோம். மருந்துப் புகை மூக்கில் ஏறியது. கீழே அவர் பொந்துக்குள் குனிந்து, "ஏனுங்க, யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கேட்டார். அந்தக் குரல் கல்லில் பட்டு மேலே வந்தபோது அவருடைய குரலாக இல்லை. பிறகு சத்தமே இல்லை. வடம் இரண்டு தரம் ஆடியது. தூக்கச் சொல்லும் அடையாளம் அது.

எஞ்சின் முக்கியது. ஒரு மாதமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு வித்தியாசம் தெரிந்தது. தொட்டி மெதுவாக, மிக மெதுவாக வந்தது. அதில் அவர் மட்டும் நின்றார், பிடுங்கிய திரிகளைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"பொந்து காலிங்க," என்றார்.

மைத்துனர் எஞ்சினை நிறுத்தவில்லை. "அப்பறம் ஏன் மாமா ரெண்டாளு பாரம் இழுத்துச்சு?"

கிரேனின் காலடியைத் திரும்பிப் பார்த்தோம். அந்தச் செருப்பு அங்கே இல்லை.

அன்று காலையில் கிரேனின் காலடியில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியிருந்தார்கள். வழியில் போகிறவன் யாரோ அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டிருப்பான், நாங்கள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது மாட்டிக்கொண்டு போயிருப்பான் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். அப்படி ஒருவன் வந்ததையும் போனதையும் எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் வெடி வைத்தார்கள். தண்ணீரும் வந்தது. வேலை முடிகிறவரை, திரி கொளுத்துமுன் வெடிக்காரர் பொந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மேலே ஏறும்போது மட்டும், முன்போல் தொட்டியின் நடுவில் நிற்காமல், இன்னொருவருக்கு இடம் விட்டு ஓரமாக நின்றார்.