தூங்கிய பிறகு யார் வருவார்

நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, வயிற்றிலுள்ள கறுப்புக் குடலை நகத்தால் எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் மேங் ஸூனோக். பூச்சோன் சந்தைத் தெருவில் அவளுக்கு நூடுல்ஸ் கடை, அதற்குப் பக்கத்தில் எனக்குச் சலவைக்கடை. மகள் ஸோதாம் எதிரே உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்கு மடிப்பு அறுவை பண்ணித் தர்றேன்னு சொன்னியேம்மா. பரீட்சை முடிஞ்சாச்சு. என் வகுப்புல பாதிப் பேரு தேதி வாங்கிட்டாங்க."

"சொன்னேன்தான். எவன்கிட்டன்னு சொன்னேனா?"

ஸூனோக் அக்கா அப்படித்தான். ஸ்ட்ராபெர்ரி டப்பா வாங்கினால் அடி வரிசையைக் கிளறிப் பார்ப்பாள். அவள் கணவரின் காரைப் பழுது பார்த்தவன், மாற்றிய பழைய சாமானைக் கையில் கொடுத்தால்தான் காசு. அவர் பேருந்து ஓட்டுகிறவர். அவரையே, "இன்னிக்கு எந்தத் தடம்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தத்தில் இன்னொரு முறை விசாரிப்பாள் என்று தெருவில் கேலி.

தெற்கே சாச்சோனிலிருந்து பத்தொன்பது வயதில் மின்சுற்றுப் பலகைத் தொழிற்சாலைக்கு வந்தவள். அங்கே பலகை துடைக்கும் திரவத்துக்கு மேஸ்திரி வைத்திருந்த பெயர் மணத்தண்ணீர். அந்த மணத்தண்ணீரில்தான் அவளோடு அறையில் தங்கிய பெண்ணின் கைத்தோல் உரிந்தது. அதற்குப் பிறகு இனிப்பான பெயர் எது காதில் விழுந்தாலும் அதைப் பிரித்து உள்ளே பார்க்காமல் விடுவதில்லை.

வியாழக்கிழமை மகளோடு என்னையும் கூட்டிக்கொண்டு, அழகு அறுவை மருத்துவமனைகள் வரிசையாக இருக்கும் ஆப்குஜோங்குக்குப் போனாள். அந்தத் தெருவில் மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியவர்கள் காபி வாங்கிக்கொண்டு போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு மருத்துவமனையின் ஏழாவது மாடியில் கில் என்ற ஆலோசனை மேலாளர் எங்களைச் சின்ன அறையில் உட்காரவைத்தாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எத்தனை வயது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"அம்மா, உங்க பொண்ணுக்குப் புதைப்பு முறையே போதும். வெட்டே கிடையாது."

"வெட்டாம எப்படிங்க மடிப்பு வரும்?"

"நூல்ல முடிச்சுப் போட்டு இமைக்குள்ள விட்டுடுவோம்."

"ஊசி உள்ள போகும்ல?"

"சின்ன ஓட்டைதாம்மா."

"அப்ப வெட்டு மட்டும்தான் இல்லேன்னு சொல்லுங்க. நான் ஓட்டையும் இல்லேன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஸோதாம் முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துக்கொண்டாள். கில் சிரிப்பைக் குறைக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்து, மூக்கோரம் கண்முனையைக் கொஞ்சம் அகலமாக்கும் முன் திறப்பும், கூடவே கண் வடிவத் திருத்தமும் செய்தால் அழகு தனி என்றாள்.

"திருத்தம்னா எதைத் திருத்துவீங்க?"

"இமையைத் தூக்குற தசை இருக்குல்லம்மா, அதைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுவோம். லேசா இமைத் தொய்வு இருக்கு."

"தொய்வா? பொறந்த நாள்லேர்ந்து நான் பாக்குற கண்ணு! ராத்திரியெல்லாம் போன் பாத்தா இமை தொங்காம என்ன செய்யும்?" அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. இவளுக்கு இருக்கிறது நோயா, தூக்கமா?"

"எனக்கென்னக்கா தெரியும்," என்றேன். ஆனால் தசை என்றதும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன். திருத்தம் என்று கேட்டபோது தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"அம்மா, மானத்தை வாங்காத," என்றாள் ஸோதாம். "அவங்க படிச்சவங்க."

"படிச்சவங்கன்னுதான் கேக்குறேன். படிக்காதவங்ககிட்டக் கேட்டு என்ன ஆகப்போகுது? அந்த மூக்கோரத் திறப்பு புடிக்கலேன்னா திரும்ப மூடலாமா?"

"மூடுறதுக்கு வேற அறுவை இருக்கும்மா. பெரும்பாலும் தேவைப்படாது."

பெரும்பாலும் என்ற சொல்லை அக்கா வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"வலிக்குமா?" ஸோதாம் முதல்முறையாகக் கேட்டாள்.

"தூக்க மயக்கம் கொடுப்போம் கண்ணு. ஒரு தூக்கம் போட்டு எழுந்தா முடிஞ்சிருக்கும்."

"அவ தூங்குறப்ப கத்தி யார் கையில இருக்கும்?" என்றாள் அக்கா. சென்ற மாதம் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் பேசிய பேச்சு அது. ஒரு டாக்டர் முகத்தைக் காட்டி அறுவைக்கு ஒப்புக்கொள்வாராம், மயங்கியதும் வேறொருவர் உள்ளே வந்து வெட்டுவாராம்.

"தலைமை மருத்துவர் பொறுப்புலதாம்மா எல்லாமே."

"பொறுப்பு சரி. கை யாரோடது? அறையில கேமரா ஓட விடுவீங்கள்ல?"

"கேட்டா ஓட விடுவோம்மா. ஆனா கேமரா உள்ள அறைக்கு வரிசை இருக்கு. தேதி புத்தாண்டுக்கு அப்புறம் போயிடும். பொண்ணு கல்லூரி சேர்றதுக்குள்ள வீக்கம் வடியணும்ல?"

ஸோதாம் கவசத்தைக் கழற்றினாள். அவள் பார்வை கில்லின் சிரிப்பிலேயே நின்றிருந்தது.

அப்போதுதான் தலைமை மருத்துவர் தோ வந்தார். உயரமான, களைத்த மனிதர். மெல்லிய கம்பியால் ஸோதாமின் இமையை அழுத்தி மடிப்பு விழவைத்து, கண்ணாடியைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. அக்காகூடக் குனிந்து பார்த்தாள்.

"நல்லா வரும்," என்றார் அவர். "இந்த வாரமே பண்ணிடலாம்."

ஸோதாம் கண்ணாடியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"டாக்டர், நான் தூங்கினதுக்கப்புறமும் நீங்கதானே இருப்பீங்க? முதல்லேர்ந்து கடைசிவரைக்கும்?"

அவர் கில்லைப் பார்த்தார். கில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த அறையில காத்திருக்காங்க, டாக்டர்," என்றாள். அவர் ஸோதாமுக்கு லேசாகத் தலை குனிந்துவிட்டு, கம்பியைச் சட்டைப்பையில் செருகியபடி கதவைத் திறந்து வெளியே போனார்.